லாயத்துக்குப் படுக்கை: கீழே நார்த்தூள், மேலே மரச்சுருள்

குதிரைக்குக் கீழே என்ன போடலாம் என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: குதிரை சேலத்தில் நிற்கிறதா, ஏற்காட்டிலா? இரண்டுக்கும் நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள்தான். ஆனால் கீழே கன்னங்குறிச்சியில் அருமையாக உழைக்கிற சரக்கு, மேலே பனிமூட்டத்துக்குள் போனதும் நனைந்த சாக்கு மாதிரி ஆகிவிடுகிறது. விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. அவரிடம் ஒரே சரக்குதான் இருக்கும், உலகத்திலேயே அதுதான் சிறந்தது என்பார். அதனால் நாங்கள் வாங்கி, போட்டு, அள்ளி, மோந்து பார்த்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

எங்களிடம் இருப்பவை இரண்டு குதிரைகள். வெள்ளச்சியை அந்தியூர் ஆடிச் சந்தையில் பிடித்தோம். கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும் போகிறவள், என்னோடு கீழே இருக்கிறாள். இன்னொருவன் மேஜர், பந்தய லாயத்திலிருந்து ஓய்வு வாங்கி வந்த கிழவன். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து ஓரமாகக் கொட்டகை போட்டு என் தம்பி வைத்திருக்கிறான். சீசனில் சின்னப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நடப்பதுதான் மேஜருக்கு வேலை. நுரையீரல் அவ்வளவு நல்லதில்லை, கொஞ்சம் தூசி பட்டாலும் இருமல் வந்துவிடும். படுக்கை சரியில்லை என்றால் எங்களுக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

வளர்ந்த குதிரை ஒரு நாளைக்குச் சுமாராக 15 முதல் 20 கிலோ லத்தி போடும். அது தொல்லையே இல்லை, உருண்டை உருண்டையாகக் கிடக்கும், முள்கரண்டியால் அள்ளிவிடலாம். தொல்லை மூத்திரம்தான். அது 5 லிட்டரிலிருந்து 10 லிட்டர் வரை போகும், அதுவும் பெரும்பாலும் ஒரே இடத்தில். அதில் இருக்கும் யூரியாவை பாக்டீரியா உடைக்கும்போது அமோனியா கிளம்பும். வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிவிட்டு “வாசமே இல்லையே” என்று சொல்பவர்களை முட்டி போட்டு உட்காரச் சொல்லுங்கள். குதிரை படுத்தால் அதன் மூக்கு இருக்கும் உயரத்துக்குக் குனிந்து மோந்து பார்த்தால்தான் விஷயம் தெரியும். கண் கரித்தால் படுக்கை தோற்றுவிட்டது என்று அர்த்தம். குதிரைக்கு வாயால் மூச்சு விட வராது, மூக்கு ஒன்றுதான் வழி. குதிரை நின்றபடியே தூங்கும் என்பதும் பாதி உண்மைதான். அயர்ந்து தூங்க அது படுத்தே ஆக வேண்டும், கீழே ஈரமாக இருந்தால் படுக்காது. அப்புறம் குளம்பு. அடிப்பக்கம் நடுவில் மெத்தென்று ஒரு முக்கோணம் இருக்கும் அல்லவா, ஈரத்திலேயே நின்றால் அது கறுத்து அழுகி நாறும். லாடம் அடிக்க வருகிறவர் காலைத் தூக்கியதும் முகத்தைத் திருப்பினால் நம் படுக்கையின் லட்சணம் ஊருக்கே தெரிந்துவிடும்.

வைக்கோலைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பூலாம்பட்டி, எடப்பாடிப் பக்கம் அறுப்பு முடிந்ததும் மிஷின் கட்டாகவே கிடைக்கிறது, ஏற்றி இறக்குவது சுலபம். பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் முழு வைக்கோல் மூத்திரத்தை அதிகம் குடிக்காது, வழியத்தான் விடும். தரை சரிவாக இருந்து சாக்கடைக்கு வழி இருந்தால் பரவாயில்லை. சமதரையில் மேலே காய்ந்தும் கீழே குளமுமாகக் கிடக்கும். இன்னொன்று, குதிரை அதைத் தின்னும். நெல் வைக்கோலில் சத்து குறைவு, சிலிக்கா அதிகம். பொழுது போகாமல் அதையே மென்றுகொண்டு தண்ணீரும் குறைவாகக் குடித்தால் குடலில் அடைத்து வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும். வெள்ளச்சி படுக்கையைத் தின்று தீர்ப்பதில் கெட்டிக்காரி, அதனால் வைக்கோல் எங்கள் வீட்டில் முடிந்த கதை.

உமி மலிவு, ஆத்தூர்ப் பக்கத்து அரிசி மில்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். நாமக்கல்லில் கோழிப் பண்ணைக்காரர்கள் தரையில் கனமாகப் பரப்புகிற ஆழ்கூளத்துக்குப் போடுகிறார்களே, குதிரைக்கு ஆகாதா என்று கேட்பார்கள். கோழி குதிரையைப் போல் ஓரிடத்தில் வாளிக் கணக்கில் கொட்டுவதில்லை. வீட்டிலேயே சோதிக்கலாம்: பழைய பெயின்ட் வாளியின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, பாதி வரை உமியை நிரப்பி, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றிய தண்ணீரில் பெரும்பகுதி அப்படியே கீழே வந்துவிடும். உமியின் மேல்தோல் வழுவழுப்பு, அது உறிஞ்சுகிற ரகமே இல்லை. மூக்குக்குள்ளும் கண்ணுக்குள்ளும் போய்க் குத்துவது தனிக் கணக்கு.

உமி வாங்குகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோழித் தீவனம் வந்த பழைய சாக்கில் உமியைக் கட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். கோழிகளுக்கு ரத்தக்கழிச்சல் வராமல் இருக்கத் தீவனத்தில் மொனென்சின் மாதிரியான மருந்து சேர்ப்பது உண்டு. கோழியும் மாடும் தாங்கும் அளவை குதிரையின் இதயம் தாங்காது, கொஞ்சம் உள்ளே போனாலும் உயிருக்கு ஆபத்து. சாக்கின் மூலையில் ஒட்டியிருக்கும் ஒரு பிடி தீவனத்துக்காக ஏன் அந்த வம்பு? நம் சாக்கை நாமே கொண்டுபோவதுதான் சரி.

கடலைத் தொலியும் வேண்டாம். குதிரை தின்னும், தொலியில் பூஞ்சை பிடித்திருந்தால் அதில் விஷமும் இருக்கலாம்.

இனி நார்த்தூள். தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுத்த பிறகு மிஞ்சுகிற தூள், இப்போது எல்லாரும் கோகோ பித் என்கிறார்கள். சேலத்தில் லாயம் வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல சரக்கு எனக்குத் தெரிந்து இல்லை. அதே ஓட்டை வாளியில் இதைப் போட்டு அதே சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், ஒரு சொட்டு கீழே வராது. இன்னொரு சொம்பும் வாங்கிக்கொள்ளும். தன் எடையைப் போல் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொருள் இது. லாயத்தில் இதனால் என்ன லாபம் என்றால், மூத்திரம் பரவுவதில்லை. விழுந்த இடத்திலேயே இறங்கிக் கட்டியாகி நிற்கும். காலையில் அந்தக் கட்டியை மட்டும் மண்வெட்டியால் வெட்டி எடுத்துவிட்டு, சுற்றியுள்ள காய்ந்ததை இழுத்து மூடிவிடலாம். 12க்கு 12 அடி லாயத்தில் அரை அடி கனத்துக்குப் போட்டால் தாராளம். தினமும் கிளறிவிட்டால் சேலத்து வெயிலுக்கும் காற்றுக்கும் மேல்பகுதி மதியத்துக்குள் காய்ந்துவிடும். குதிரைக்கும் தின்னத் தோன்றாது. வெள்ளச்சியே ஒரு வாய் மென்று பார்த்துத் துப்பிவிட்டாள்.

வாங்கும்போது ஏமாறக் கூடாத இடங்கள் உண்டு. கடைகளில் 5 கிலோ கட்டியாகக் கிடைப்பது மாடித் தோட்டத்துக்கானது. ஊறவைத்தால் 70 லிட்டருக்கு மேல் பொங்கும் என்று அட்டையில் போட்டிருக்கும். அந்தக் கணக்கு நமக்கு எதற்கு? ஊறவைத்தால், லாயத்தில் குடிக்க வேண்டியதை வாசலிலேயே குடித்து முடித்துவிடும். கட்டிதான் கிடைக்கிறது என்றால் காய்ந்தபடியே கடப்பாரையால் குத்தி உடைத்துப் போட வேண்டும், அது தூசியும் கை வலியுமான வேலை. அழுத்தாத உதிரித் தூளை வண்டிக் கணக்கில் வாங்குவது பல மடங்கு மலிவு. அதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. ஆலையில் அது திறந்த வெளியில் மலையாகக் குவிந்து கிடக்கும், மழை பெய்த மறுநாள் ஏற்றினால் நாம் பணம் கொடுப்பது தண்ணீருக்கு. எனக்கு ஒருமுறை வந்த லோடு தார்ப்பாய் பிரித்ததும் ஆவி விட்டது. ஓட்டுநரிடம் கேட்டால், “இது பச்சை சரக்குங்க்கா, ரெண்டு வெயில் காட்டுனா பஞ்சாயிடும்” என்றார். ரெண்டு வெயிலில் ஒன்றும் ஆகவில்லை, களத்தில் பரப்பிப் புரட்டிப் புரட்டி ஒரு வாரத்தைத் தின்றது. அந்த இடத்தில் இப்போது வாங்குவதில்லை. எடைக்கு விற்பவரை விட மூட்டைக் கணக்கில் விற்பவரிடம் வாங்குவது நல்லது, ஈரம் நம் தலையில் விழாது.

கழுவியது, இ.சி. (உப்பின் அளவைக் காட்டும் எண்) குறைந்தது என்று சொல்லி விலை கூட்டிக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செடியின் வேருக்கு உப்பு ஆகாது என்பதற்காகக் கழுவுகிறார்கள். குதிரையின் காலடிக்கு அது தேவையில்லை. உப்புக்கு அலைந்து கண்டதையும் நக்குகிற குதிரை என்றால் மட்டும் யோசிக்கலாம்.

நார்த்தூளின் குறையையும் சொல்லிவிடுகிறேன். முதல் குறை, நிறம். அது இருண்ட பழுப்பு என்பதால் எது நனைந்தது எது காய்ந்தது என்று கண்ணுக்குப் பிடிபடாது, காலால் அழுத்தித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாவது குறை வெள்ளைக் குதிரை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் புரியும். நார்த்தூளில் இருந்து ஈரத்தோடு சாயம் இறங்கும். வெள்ளச்சி ராத்திரி நனைந்த பக்கமாகப் படுத்து எழுந்தால் விலாவிலும் தொடையிலும் டீ சிந்திய நிறத்தில் திட்டுகள். காலையில் ஆறு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு என்றால் நான் நாலு மணிக்கு சோப்பும் வாளியுமாக நிற்க வேண்டியதுதான். ஊர்வலத்துக்கு முந்தின ராத்திரி மட்டும் மேலே ஒரு மூட்டை மரச்சுருள் தூவிவிடுகிறேன், அதோடு அந்தத் தலைவலி தீர்ந்தது.

இவ்வளவு புகழ்ந்த பிறகு இதையே ஒரு வண்டி ஏற்காட்டுக்கும் அனுப்பினோம். முதல் வாரம் ஒரு குறையும் இல்லை. மழை பிடித்ததும் தம்பி போன் செய்தான். “அக்கா, நீ சொன்னது சரிதான், நல்லாக் குடிக்குது. ஆனா குடிச்சதை விட மாட்டேங்குது.” இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது. நார்த்தூள் மூத்திரத்தை மட்டும் குடிக்கவில்லை, கொட்டகைக்குள் புகுந்த மூட்டத்தையும் சேர்த்துக் குடித்தது. போய்ப் பார்த்தபோது மூத்திரமே படாத மூலையில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தேன், விரலிடுக்கில் பழுப்புத் தண்ணீர் எட்டிப் பார்த்தது. உடைத்துப் பார்த்த கட்டிக்குள் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை இழை ஓடியிருந்தது. மேஜர் ஒரு பக்கம் இருமிக்கொண்டு நிற்கிறான். எவ்வளவு குடிக்கும் என்பதைத்தான் எல்லாரும் கேட்கிறோம், விற்பவரும் அதைத்தான் சொல்கிறார். குடித்ததைக் காற்றுக்குத் திருப்பிக் கொடுக்குமா என்பதும் அதே அளவு முக்கியம். காற்றே ஈரமாக இருக்கும் ஊரில் அதிகம் குடிக்கிற சரக்கு எப்போதும் நனைந்தே கிடக்கும்.

மலைக்கு மரச்சுருள்தான். தச்சுப் பட்டறையில் இழைப்பு மிஷினிலிருந்து சுருண்டு சுருண்டு விழுகிறதே, அது. ரம்பத்தூள் இல்லை, தயவுசெய்து இரண்டையும் குழப்பாதீர்கள். ரம்பத்தூள் பொடி, காற்றில் மிதக்கும், மேஜர் மாதிரி மூச்சுத் தொல்லை உள்ள குதிரைக்கு எமன். நல்ல சுருளைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மரத்தின் ரேகை ஊடுருவித் தெரியும், அவ்வளவு மெல்லிசு. நார்த்தூள் அளவுக்குக் குடிக்காது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் சுருளுக்குள்ளும் சுருளுக்கிடையிலும் காற்று இருக்கிறது, மேல்பகுதி மழைக்காலத்திலும் கைக்குக் காய்ந்தே இருக்கும். நனைந்த இடம் மஞ்சளாகத் திட்டுப் போட்டுக் காட்டிக் கொடுத்துவிடும். முள்கரண்டியால் லத்தியை அள்ளி ஒரு உலுக்கு உலுக்கினால் சுருள் கீழே விழுந்து லத்தி மட்டும் தங்கும்.

சுருளுக்கு எந்த மரம் என்பதைக் கேட்டு வாங்க வேண்டும். ஏற்காட்டுத் தோட்டங்களில் காபிக்கு நிழலாகவும் மிளகுக் கொடி ஏறவும் வளர்க்கிற சில்வர் ஓக் எங்களுக்கு நன்றாக ஒத்துப்போகிறது. பிளைவுட், எம்.டி.எஃப். என்கிற அழுத்துப் பலகை அறுக்கும் பட்டறை என்றால் வேண்டாம், அதன் பசையில் ஃபார்மால்டிஹைடு என்கிற நச்சு ரசாயனம் இருக்கும். பூச்சி அரிக்காமல் மருந்து ஏற்றிய மரமும் பழைய பெயின்ட் அடித்த கதவு நிலையும் வேண்டாம். சேலத்தில் நாங்கள் வாங்கும் பட்டறைக்காரர் முதல் தடவை கேட்டபோது சிரித்தார். “குதிரைக்கா? ஏம்மா, பேசாம பஞ்சு மெத்தையே வாங்கிப் போட்டுடுங்களேன்” என்றார். ஆனால் மனுஷன் சொன்ன சொல் மாறாதவர். பிளைவுட் அறுக்கும் நாளில் எங்கள் மூட்டையை ஓரம் கட்டிவிட்டு, மரம் இழைக்கும் நாளில் மட்டும் நிரப்பி வைக்கிறார். இந்தச் சேவைக்காகவே மூட்டைக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம், கொடுக்கிறேன். ஆணி மட்டும் அவர் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார். அதற்குப் பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, கொட்டிய சுருளுக்குள் இழுத்துக்கொண்டே போகிறோம். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு குட்டை ஆணியோ பின்னோ ஒட்டிக்கொண்டு வரும். குளம்புக்குள் ஏறிய ஆணியைப் பிடுங்குவதற்கு ஆகும் செலவோடு பார்த்தால் காந்தம் இலவசம்.

ஆன்லைனில் பாக்கெட் சுருளும் விற்கிறார்கள், ‘தூசி நீக்கியது’ என்று அட்டையில் பெரிதாகப் போட்டு. ஒரு மழைக்காலத்தில் பட்டறையில் சரக்கு இல்லாமல் அதை வரவழைத்தோம். மேலே நாலு விரற்கடை நல்ல சுருள், கீழே போகப் போக ரம்பத்தூள். பாக்கெட்டைப் பிரித்துவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்களாம். பிரிக்காமல் அடியில் என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. கொசுவலையை நாலு முனையில் கட்டி அதில் கொட்டிச் சலித்தோம், பாதிக்குமேல் வலைக்குக் கீழே இறங்கிவிட்டது. விலைக்குத் தகுந்த சரக்கில்லை.

இப்போது மேஜர் கொட்டகையில் நடப்பது ஒரு சமரசம். மூத்திரம் போகிற மூலையில் மட்டும் நன்றாகக் காயவைத்த நார்த்தூள் ஒரு கூடை, அதன்மேலும் மற்ற இடம் முழுக்கவும் சுருள். அந்தக் கூடை அளவை தினமும் மொத்தமாக அள்ளிக் கொட்டிவிட்டுப் புதிது போடுகிறான் தம்பி. நார்த்தூள் விடாமல் பிடித்து வைக்கும் குணம் ஒரே ஒரு ராத்திரிக்கு என்றால் நமக்கு நல்லதுதானே.

மாட்டுப் பண்ணைக்கு விற்கிற ரப்பர் பாயை அடியில் போட்டால் படுக்கைச் சரக்கு ஏறக்குறைய பாதி மிச்சமாகிறது, முட்டியும் தேயாது. ஆனால் இடுக்கில் மூத்திரம் இறங்கி அடியில் தங்கிவிடும், அவ்வப்போது தூக்கிக் கழுவியே ஆக வேண்டும். தூக்க இரண்டு ஆள் தேவை. தனியாளாகக் குதிரை பார்ப்பவர்கள் யோசித்து வாங்குங்கள்.

நாற்றம் போக நீற்றுச் சுண்ணாம்பு தூவுகிற பழக்கம் நம் பக்கம் நிறைய. சுண்ணாம்பின் காரம் பட்டால் ஈரத்துக்குள் கட்டுண்டு கிடக்கும் அமோனியாவும் வெளியே கிளம்பும், நாற்றம் கூடத்தான் செய்யும். தோலையும் அரிக்கும். ஈரத்தை அள்ளுவதற்குச் சுண்ணாம்பு மாற்று இல்லை. ஏற்காட்டில் காபித் தோலைச் சும்மாவே தருகிறேன் என்பார்கள். அதில் காஃபீன் இருக்கும், பந்தயக் குதிரைகளுக்குத் தடை செய்த பொருள் அது. தின்று பார்க்கும் குதிரைக்கு அது வேண்டாத விஷப் பரீட்சை. தோட்டத்துச் சருகைக் கூட்டி வந்து போடுகிறவர்கள் பனமரத்துப்பட்டிப் பக்கம் என்றால் அதிகம் கவனமாக இருங்கள். அங்கே அரளித் தோட்டம் ஏராளம், அரளி இலை காய்ந்தாலும் விஷம் போகாது.

கடைசியாக, அள்ளியதை என்ன செய்வது? நார்த்தூளும் லத்தியும் கலந்ததற்கு எங்கள் வீட்டு வாசலில் கிராக்கி. நார்த்தூளை மட்க வைக்க டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் சேர்க்கச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். யூரியா வேலையில் பாதியை வெள்ளச்சியே இலவசமாகப் பார்த்துவிடுகிறாள். பூத்தோட்டக்காரர்கள் டிராக்டர் கொண்டுவந்து ஏற்றிப் போகிறார்கள். மரச்சுருள் கதை வேறு. சீக்கிரம் மட்காது, பச்சையாகப் போட்டால் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் அதுவே இழுத்துக்கொள்ளும் என்பதால் யாரும் கேட்டு வருவதில்லை. காபிச் செடிக்குப் போடுகிற பக்குவம் வரக் குறைந்தது ஒரு வருஷம் குவியலாகக் கிடக்க வேண்டும். ஆகவே சுருள் வாங்க முடிவு செய்கிறவர்கள் குவித்து வைக்க இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தம்பி இப்போது தோட்டக்காரரிடம் மூன்றாவதாக ஒரு மூலை கேட்டுக்கொண்டிருக்கிறான், அவர் இன்னும் சரி சொல்லவில்லை.